தையல்காரியும் கண்டக்டரின் வாலும்

தையல்காரி காலை ஐந்து மணிக்கு எழுந்து முதலில் பிரிட்ஜைத்தான் திறப்பாள். கண் பாதி மூடியிருக்கும். மேல் தட்டில் மருந்துக்கென்று ஒதுக்கிய டப்பாவிலிருந்து ஒரு பையை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தலையைச் சாய்ப்பாள். பை ஒரு மணி நேரம் வெளியில் இருந்து குளிர் விட்டால்தான் ஏற்றலாம். சில்லென்று ஏற்றினால் கட்டிலில் கிடப்பவளுக்குக் கை மரத்துப் போகும். அந்த மருந்தைக் கண்டுபிடித்தவனையும் அவன் பரம்பரையையும் இழுத்து வைத்து ஏசுவாள். விடிந்ததும் அதைக் கேட்பதைவிட ஒரு மணி நேரம் தூக்கத்தை விட்டுவிடலாம் என்பது தையல்காரியின் கணக்கு.

கட்டிலில் கிடப்பவள் அவளுடைய நாத்தனார். செத்துப்போன புருஷனுக்கு மூத்த அக்கா. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும் தெருவில் அவளைக் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தையல்காரிக்குப் பிள்ளை இல்லை. தம்பி போன பிறகு இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் தங்கிப்போனார்கள். பாசத்தால் என்று யாராவது சொன்னால் இரண்டு பேருமே சிரிப்பார்கள். போக வேறு இடம் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் முதுகுவலி என்றுதான் வந்தது. அத்தனை வருஷம் குலுங்கிய முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று கண்டக்டர் தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்தாள். அப்புறம் காய்ச்சல். அப்புறம் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பில் சீழ் கட்டியிருக்கிறது என்றார்கள். மாத்திரை எலும்பு வரைக்கும் போய்ச் சேராதாம். ரத்தத்தில் நேராக ஏற்ற வேண்டும், காலையில் ஒரு பை, சாயங்காலம் ஒரு பை, ஆறு வாரம்.

அவ்வளவு நாள் சாதாரண ஊசி தாங்காது. ஆகவே இடது மேல்கையில் ஒரு குழாயை நுழைத்து, நரம்புக்குள்ளேயே நெஞ்சுவரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். வெளியே கொஞ்சம் தொங்கியது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை லைன் என்றார்கள். கண்டக்டர் ஒரு நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசிக் காலத்தில் எனக்கு வால் முளைத்திருக்கிறது, அதுவும் முளைக்க வேண்டிய இடத்தில் முளைக்கவில்லை என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு வால் என்றே பேராகிவிட்டது.

வலது கையில் ஊசியே கூடாது. பல வருஷத்துக்கு முன் புற்றுநோய் என்று அந்தப் பக்கத்து மார்பை எடுத்திருந்தார்கள். அப்போதே சொல்லிவிட்டார்கள், அந்தக் கையில் எந்த நாளும் குத்தக்கூடாது என்று. இடது கையில் மற்ற நரம்பெல்லாம் முதல் பத்து நாளிலேயே ஊசி குத்திக் குத்திக் கயிறாகிவிட்டது. இந்த வால் போனால் மிச்சம் இருப்பது கழுத்துதான். கழுத்தில் குழாய் போட்டால் வீட்டுக்கு விடமாட்டார்கள். மருந்து முடிகிறவரை வார்டில் கிடக்க வேண்டும்.

வால் போடுவதற்கு முன்பு கண்டக்டரின் கழுத்தில் ஒன்பது நாள் குழாய் இருந்தது. அந்த ஒன்பது நாளும் தலையைத் திருப்பாமல் கூரையைப் பார்த்துக் கிடந்தாள். பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தி காலையில் பேசிக்கொண்டிருந்து மத்தியானம் போய்விட்டாள். திரையை இழுத்து மூடிவிட்டு, இந்தப் பக்கம் இவளுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே தையல்காரியிடம் கண்டக்டர் அதைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"இவளே, கேட்டுக்க. இன்னொரு தடவை என் கழுத்துல யாராவது கை வச்சா, அந்தக் கட்டில்ல இருந்து நான் எழுந்து வரமாட்டேன். மிரட்டறதுக்குச் சொல்லல. எனக்கு என்னைப் பத்தித் தெரியும்."

ஆக, வாலைக் காப்பாற்றுவது தையல்காரியின் தலையில் விழுந்தது.

பெரிய நர்ஸ் என்று ஒருத்தி வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, குழாய் நுழைகிற இடத்தை மூடியிருக்கும் ஒட்டை மாற்றுவாள். பருத்த உடம்பு, மெல்லிய குரல். முதல் நாள் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தாள். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழாயின் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் பதினைந்து எண்ணும்வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். அது காய்கிறவரை ஊதக்கூடாது, விசிறக்கூடாது, சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரிய சிரிஞ்சில் உப்புத்தண்ணீரைக் கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, மறுபடி தள்ளி உள்ளே விட வேண்டும். பிறகு மருந்துப் பை. பிறகு மறுபடி உப்புத்தண்ணீர். கிளிப்பை மூட மறக்கக்கூடாது. குழாய் இருக்கிற கை நனையக்கூடாது. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க யாரையும் விடக்கூடாது. குளிர் நடுக்கம் வந்தால் உடனே போன் செய்ய வேண்டும். தினமும் தோலிலிருந்து வெளியே இருக்கிற நீளத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும். அது கூடினால் உள்ளேயிருந்து குழாய் நழுவி வருகிறது என்று அர்த்தம்.

தையல்காரி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், இவ்வளவுதானா, சட்டைக்குக் கழுத்து வைக்கிறதுக்கே இதைவிட வேலை அதிகம் என்றாள். அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

முதல் வாரம் பயம் இருந்தது. இரண்டாவது வாரம் பயம் போய்ப் பழக்கம் வந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து அலுப்பு மட்டும்தான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை கை கழுவியதில் அவளுடைய விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. மிஷின் எண்ணெய் ஒரு துளி இருந்தாலும் வாலைத் தொடக்கூடாது என்பதால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினாள். வெடித்த தோல் வழவழப்பான துணியில் மாட்டி நூலை இழுத்தது. பளபளப்புத் துணி தைக்கக் கொடுத்தவர்கள் துணியில் கோடு கோடாக இழுத்திருக்கிறதே என்று முகம் சுளித்தார்கள். என் தோல்தான் மாட்டியது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? அந்த மாதிரித் துணியே வாங்குவதில்லை என்று நிறுத்திக்கொண்டாள். பருத்தியும் முரட்டுத் துணியும் போதும் என்றாகிவிட்டது.

எங்கேயும் போக முடியவில்லை. ஆறு மணிக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று. நடுவில் சமையல், தையல், கண்டக்டரைத் துடைத்துவிடுவது, கையில் பிளாஸ்டிக் உறை கட்டிக் குளிக்க வைப்பது. பழைய பனியன் துணியில் வாலுக்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தாள். கண்டக்டர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, என் வாலுக்குச் சட்டை தைத்த முதல் தையல்காரி நீதான், தையல்தான் கோணல் என்றாள்.

கண்டக்டரின் வாய் மட்டும் சீக்காகவில்லை. கட்டிலில் கிடந்தபடியே வீட்டை ஓட்டினாள். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணினாள். தையல் மிஷின் சத்தத்தை வைத்தே, இன்றைக்கு நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, உன் புத்தி எங்கேயோ மேய்கிறது என்றாள். மருந்து ஏறுகிற அரைமணி நேரமும் தையல்காரி பக்கத்திலேயே இருக்க வேண்டும். கண்ணை மூடினால் உடனே, ஸ்டாப்பிங் வந்தாச்சு, இறங்கு என்று குரல் வரும்.

ஆறு வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இன்னும் சரியாகவில்லை, மறுபடி ஒரு ஆறு வாரம் என்றார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த தையல்காரிக்கு முதலில் மனசில் வந்தது கண்டக்டரின் முதுகெலும்பு அல்ல, அந்த ஐந்து மணி. மறுபடி நாற்பத்திரண்டு ஐந்து மணி. அப்படி நினைத்தோமே என்று வெட்கம்கூட வரவில்லை. வெட்கப்படவும் தெம்பு வேண்டும்.

இரண்டாவது தவணையின் மூன்றாவது வாரத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் வந்து சேர்ந்தது. நூற்றுநாற்பது பாவாடை, அத்தனைக்கும் இடுப்புப் பட்டி, கொக்கி. வருஷத்துக்கு ஒருமுறை வருகிற வேலை. இந்தத் தடவை வேண்டாம் என்றால் அடுத்த வருஷம் வேறு யாருக்காவது போய்விடும். வெட்டிய துணி கூடம் முழுக்க அடுக்கடுக்காகக் கிடந்தது. கட்டிலுக்கும் மிஷினுக்கும் நடுவில் ஒரு ஆள் போகத்தான் வழி.

திங்கட்கிழமை காலையில் தையல்காரி மருந்தைக் கழற்றிவிட்டு நோட்டைக் கண்டக்டரின் மடியில் போட்டாள்.

"அக்கா, அளக்கிறதையாவது நீங்க செய்யுங்க. வலது கை சும்மாதானே இருக்கு. டேப்பு அங்க கம்பியில தொங்குது."

"வாலு என்னுது, அளவும் நானே எடுக்கணுமா. அப்புறம் நீ எதுக்கு?"

"நீங்க கத்தினா ஓடி வர்றதுக்கு."

கண்டக்டருக்கு அது பிடித்திருந்தது. நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, டிக்கெட் எழுதின அதே சாய்ந்த கையெழுத்தில் நாலு நாளும் எழுதினாள். மூணு. மூணு. மூணு. மூணு. முந்தின பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை யார் திரும்பப் பார்ப்பார்கள்?

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பெரிய நர்ஸ் வரவில்லை. அவள் லீவு என்று புது நர்ஸ் ஒருத்தி வந்தாள். சின்னப் பெண், வேகமான நடை, தோளில் பெரிய பை, அன்றைக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி. காலை மருந்து ஏற்றியாயிற்றா என்று கேட்டாள். இன்று ஒட்டு மாற்றுகிற நாள், உங்கள் முன்னாலேயே ஏற்றலாம் என்று வைத்திருக்கிறேன் என்றாள் தையல்காரி. பெரிய நர்ஸ் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தாள்.

புது நர்ஸ் உறையைக் கழற்றினாள். கண்ணாடி மாதிரியான ஒட்டுக்கு அடியில் தோல் சிவக்கவில்லை, வீங்கவில்லை. நோட்டைக் கேட்டாள். பார்த்தாள். முந்தின பக்கத்தைத் திருப்பினாள், அங்கே எல்லாம் ரெண்டு. மறுபடி இந்தப் பக்கம். அவள் முகம் மாறியது. தன் பைக்குள் அளவுகோலைத் தேடினாள், கிடைக்கவில்லை. கட்டில் கம்பியில் தொங்கிய டேப்பை எடுத்து ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டின் மேலாகவே வைத்து அளந்தாள். மூணு இஞ்ச். திருப்பிப் போட்டு மறுபக்கம் பார்த்தாள். ஏழரை சென்டிமீட்டர். ஆஸ்பத்திரித் தாளில் ஐந்து என்று இருந்தது.

லைன் ரெண்டரை சென்டிமீட்டர் வெளியே வந்திருக்கிறது, திங்கட்கிழமையிலிருந்தே வந்திருக்கிறது, யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்டாள். இனி இதில் ஒரு சொட்டு மருந்து ஏற்றக்கூடாது. உள்நுனி எங்கே நிற்கிறதோ தெரியாது. இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டும். அநேகமாக இதை எடுத்துவிடுவார்கள்.

கண்டக்டரின் வலது கை கழுத்துக்குப் போயிற்று.

தையல்காரி கையில் ஒரு பாவாடைப் பட்டியோடு வாசல் பக்கம் நின்றிருந்தாள். அவள் பார்த்தது வாலை அல்ல, புது நர்ஸின் விரலில் தொங்கிய டேப்பை. பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த டேப்புக்குப் பதினாறு வயசு. நுனியில் இருந்த தகரம் எப்போதோ கழன்று, நுனி பிய்ந்து நாராகிவிட்டது. அதனால் முதல் ஒரு இஞ்சை வெட்டிப் போட்டு, வெட்டின ஓரத்தை மடித்துப் பூத்தையல் போட்டு வைத்திருந்தாள். பார்த்தால் முழு டேப்பு மாதிரியே இருக்கும். தையல்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான் வைத்திருப்பார்கள். அளந்து, வந்த எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்வார்கள். கழிக்கிறோம் என்ற நினைப்புகூட இருக்காது, கை எடுக்கும்போதே மனசு கழித்துவிடும். வாலை அளந்த இத்தனை வாரமும் டேப்பு மூணு காட்டியது, தையல்காரி ரெண்டு என்று எழுதினாள். கண்டக்டர் டேப்பில் இருந்ததை இருந்தபடி எழுதினாள். புது நர்ஸும் அதையே பார்த்தாள்.

வால் ஒரு நூல்கூட நகரவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

தையல்காரி சொல்லவில்லை.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை. புது நர்ஸ் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். வார்டில் படுக்கை இருக்கிறதா என்று விசாரிப்பது கேட்டது. இருக்கிறதாம். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் தையல்காரியின் தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கின. மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அங்கே நர்ஸ்கள் இருக்கிறார்கள். அவர்களே கை கழுவுவார்கள், அவர்களே பதினைந்து எண்ணுவார்கள். இன்னும் இருபத்திரண்டு நாள். நாளைக்குக் காலையில் ஏழு மணிவரை தூங்கலாம். எட்டுவரை தூங்கலாம். தூங்கி எழுந்து நூற்றுநாற்பது பாவாடையையும் ஒரே மூச்சில் முடிக்கலாம்.

கண்டக்டர் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. அவள் வாய்க்குச் சொல்வாள், ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் எல்லாம் சாகவா செய்கிறார்கள் என்று அதை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தாள். நன்றாகத் தெரிந்தே தள்ளினாள்.

அலமாரியைத் திறந்து துணிப்பையை எடுத்தாள். கண்டக்டரின் இரண்டு நைட்டி, துண்டு, பல் தேய்க்கும் பிரஷ். மடிப்பு மாறாமல் அடுக்கினாள்.

அப்போதுதான் கண்டக்டர் பேசினாள். தையல்காரியிடம் அல்ல. புது நர்ஸிடம்.

"சிஸ்டர், இதை எழுதுறப்ப இவ பேரை எழுதிடாதீங்க. தப்பு என்னுது. ஞாயித்துக்கிழமை இவ நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தா. வெயில் அடிச்சிது, ஜன்னலைச் சாத்தலாம்னு இந்தக் கையை நீட்டி இழுத்தேன். அப்பதான் வந்திருக்கும். இவகிட்ட சொல்லல, கத்துவான்னு. இவ நல்லாத்தான் பாத்துக்கிட்டா. அறுபத்திரண்டு நாளா ஒரு காய்ச்சல் வந்ததில்ல எனக்கு. வேற யாரா இருந்தாலும் எப்பவோ விட்டுட்டுப் போயிருப்பாங்க."

இருபத்தாறு வருஷமாக ஒரே குடும்பம். தையல்காரியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததில்லை. சமையலுக்கு வந்ததில்லை, தையலுக்கு வந்ததில்லை, தம்பியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதற்கும் வந்ததில்லை. இன்றைக்கு வந்தது, யாரோ ஒரு நர்ஸிடம், இல்லாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு.

தையல்காரிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னும் அரைமணி நேரம் இந்தக் கிழவி வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று தோன்றியது. கிழவி திட்டியிருந்தால் இவள் வண்டி ஏற்றி அனுப்பியிருப்பாள். துணிப்பையைத் தரையில் வைத்தாள்.

"வாலு எங்கயும் போகல. டேப்புலதான் ஒரு இஞ்ச் இல்ல."

புது நர்ஸுக்குப் புரியவில்லை. தையல்காரி அவள் கையிலிருந்த டேப்பை வாங்கி நுனியைக் காட்டினாள். மடித்துத் தைத்த ஓரத்துக்கு அடுத்து வருகிற எண் ரெண்டு. ஒன்றே இல்லை. பிறகு, மிஷின் மேலிருந்த நல்ல டேப்பை எடுத்துக் கொடுத்தாள். புது நர்ஸ் அதைத் துடைத்து மறுபடி அளந்தாள். ரெண்டு இஞ்ச். திருப்பினாள். ஐந்து சென்டிமீட்டர். அதே இடத்தில் இன்னொரு தடவை அளந்தாள். ஐந்து.

அவள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. மருந்து விஷயத்தில் வெட்டிப்போட்ட டேப்பை வைத்தா அளப்பார்கள், நாங்கள் கொடுத்த காகித அளவுகோல் எங்கே என்று கேட்டாள். அது முதல் வாரத்திலேயே தண்ணீரில் ஊறிக் கிழிந்துபோனது. நாள் முழுக்க அளக்கிறவளுக்குக் காகிதம் எதற்கு என்று தையல்காரி அப்போது நினைத்தாள். இதைச் சொன்னபோது புது நர்ஸ் பையிலிருந்து ஒட்டுத் துணிக் கட்டைப் பிரித்துக் குடைந்தாள். அதற்குள் நாலைந்து காகித அளவுகோல் இருந்தது. தன்னுடையதும் அங்கேதான் இருந்திருக்கிறது என்று தெரிந்ததும் கொஞ்சம் சத்தம் குறைந்தது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து மேலே இருப்பவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சொன்னபடி சிரிஞ்சை வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தாள், ரத்தம் தடையில்லாமல் வந்தது. உப்புத்தண்ணீர் தடையில்லாமல் போனது. கண்டக்டருக்கு வலி இல்லை. போன வெள்ளிக்கிழமை பெரிய நர்ஸ் எழுதிய அளவும் ஐந்துதான். அப்படியானால் லைன் இருக்கட்டும், மருந்தை ஏற்றலாம், படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பை தொங்கியது. சொட்டு விழ ஆரம்பித்தது. கண்டக்டர் சொட்டைப் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"டேப்பை அவங்க கையில பாத்ததும்."

"அப்புறம் எதுக்குடி பையில துணி வச்ச?"

தையல்காரி நூறு பதில் சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன் என்றிருக்கலாம், குழம்பிவிட்டேன் என்றிருக்கலாம்.

"தூங்கலாம்னுதான்."

புது நர்ஸ் குனிந்து ஒட்டுத்துணி உறைகளைப் பொறுக்கினாள். பொறுக்கி முடித்த பிறகும் நிமிரவில்லை. பிறகு யாரையும் பார்க்காமல் ஒரு விஷயம் சொன்னாள். சுகாதார நிலையத்தில் போன மாதம் ஒரு அறை திறந்திருக்கிறார்கள், இந்த மாதிரி லைன் இருப்பவர்கள் பகலில் வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு மருந்து ஏற்றிக்கொண்டு போகலாம். அவர்களே வேன் அனுப்புவார்கள். வார நாளில் காலை மட்டும்தான். சாயங்காலத்துக்கும் சனி ஞாயிறுக்கும் வீட்டில்தான் பார்க்க வேண்டும். முதுகுக்கு பெல்ட் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார முடியுமென்றால் பேர் கொடுக்கிறேன்.

கண்டக்டர் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. இந்த வாலோடு தெருவில் நாலு பேர் முன்னால் போவதைவிட அவளுக்குப் பெரிய தண்டனை இல்லை. பஸ் முழுக்க ஆட்களை ஒரு சத்தத்தில் அடக்கியவள். புது நர்ஸ் ஒட்டு மாற்றி, தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கும் சனிக்கிழமையும் கண்டக்டர் பேசவில்லை. விசில் எண்ணவில்லை. மிஷின் சத்தத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டு என்றால் நீட்டினாள். மருந்து ஏறுகிற நேரத்தில் தையல்காரி கண்ணை மூடினாலும் எழுப்பவில்லை. அப்படி எழுப்பாமல் விட்டதில்தான் தையல்காரிக்குத் தூக்கம் வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று இரண்டு தடவை வாய்வரை வந்தது. எதற்குக் கேட்பது? மறுபடி அந்த மாதிரி ஒரு வெள்ளிக்கிழமை வந்தால் மறுபடியும் பையை எடுக்கமாட்டேன் என்று அவளால் சத்தியம் செய்ய முடியாது. அதனால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்டக்டர், அந்தப் பெண் கொடுத்த போன் நம்பர் எங்கே என்றாள். தையல்காரி எடுத்துக் கொடுத்தாள். கண்டக்டரே பேசினாள். எத்தனை மணிக்கு வேன், எந்தப் பக்கம் நிற்கும், எத்தனை பேர், லேட்டானால் யாரைக் கேட்பது என்று டிப்போவில் கேட்பது மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கு பெல்ட் கட்டி, தலை வாரி, வால் உறைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக நிற்க முடியாமல் முகம் வெளுத்திருந்தது. தையல்காரி கைத்தாங்கலாக வேன்வரை கொண்டுபோனாள். ஒரு படி ஏறுவதற்குக் கண்டக்டருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. உள்ளே உட்கார்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத."

"நினைக்கல."

"உள்ள போ. போய்ப் படு."

வேன் போயிற்று. தையல்காரி வீட்டுக்குள் வந்து கூடத்தில் நின்றாள். வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருந்து அவளுக்கு நினைவே இல்லை. தைத்து முடித்த பாவாடை எழுபத்தெட்டு, மிச்சம் அறுபத்திரண்டு. மிஷினில் உட்காரலாம் என்று ஒரு அடி வைத்தாள். பிறகு கண்டக்டரின் கட்டிலில் பக்கவாட்டில் படுத்தாள். கால் தரையில்தான் இருந்தது, அதைத் தூக்கி மேலே போட வேண்டும் என்று நினைத்தாள், அதற்குள் தூங்கிவிட்டாள்.

பதினொன்றரைக்கு வேன்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தார். அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது கண்டக்டர் வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே வந்து, கசங்கிக் கிடந்த படுக்கையைப் பார்த்தாள். மெதுவாகச் சாய்ந்தாள். வலியில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பிறகு, அங்கே நாற்காலி மகா மட்டம் என்றாள். பக்கத்து நாற்காலியில் ஒரு ஆசிரியர், நெஞ்சில் லைன், வாயை மூடவே மாட்டேன் என்கிறான். எதிரில் இருந்தவள் தன் லைனுக்கு என்ன பேர் வைத்திருக்கிறாள் தெரியுமா, மாப்பிள்ளை. ஏனென்று கேட்டால், போகவும் மாட்டேன் என்கிறது, ஒரு வேலைக்கும் விடமாட்டேன் என்கிறது என்கிறாள். மருந்து ஏற்றிய பெண் பதினைந்து எண்ணவில்லை. பதினொன்றிலேயே நிறுத்திவிட்டாள். சும்மா விடவில்லை, மறுபடி முதலிலிருந்து எண்ண வைத்தேன்.

தையல்காரி பாவாடைக்குக் கொக்கி வைத்தபடி கேட்டாள். தூக்கம் முழுசாகக் கலையாமல் தலை கனத்தது. ஒரு கொக்கியைத் தலைகீழாக வைத்துவிட்டுப் பிரித்தாள்.

"நாளைக்கும் போறீங்களா அக்கா?"

"போகாம? இன்னும் பத்தொன்பது நாள் உன் மூஞ்சிய மட்டும் பாத்துக்கிட்டுக் கிடக்கச் சொல்றியா?"

தையல்காரி கொக்கியை நேராக வைத்து நூலை இழுத்தாள். ஆறு மணிப் பைக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.